கடைசி ஆள் யார்?

இது நடந்தது. நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். உங்களை நம்பவைத்து எனக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை. நவம்பர் பதினான்கு, வியாழக்கிழமை. நேரத்தை நிமிஷக் கணக்காகச் சொல்வேன். மறுநாள் போலீஸ்காரர் கேட்டுக் கேட்டு எழுதிக்கொண்டதில் எல்லாம் மனப்பாடமாகிவிட்டது.

என் பெயர் லியோனோர். வயது அறுபத்தொன்று. சரகோசாவில் தையற்கடை வைத்திருந்தேன். என் அக்கா கசில்டா மூன்று வயது மூத்தவள். முப்பத்தாறு வருஷமாக நாங்கள் முகம் கொடுத்துப் பேசியதில்லை. கல்யாணம், சாவு என்றால் பார்த்துக்கொள்வோம், அவ்வளவுதான். காரணம் பெர்மின். திருவிழாவில் அவன் முதலில் ஆடியது என்னோடு. எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றது எனக்காக. கல்யாணம் செய்துகொண்டது அவளை!

சின்ன வயதிலிருந்தே அவள் அப்படித்தான். குளிக்க, சாப்பிட, பஸ் ஏற... எதிலும் எனக்கு முன்னால் புகுந்துவிடுவாள்.

போன வருஷம் பெர்மின் செத்துப்போனான். ஒரு நாள் அவளே போன் செய்தாள். எங்காவது கடல் பக்கம் நாலு நாள் போய் இருக்கலாம் என்றாள். சரி என்றேன். காற்று வாங்குவதற்காக இல்லை. அவள் வாயால் 'மன்னிச்சுடு' என்று ஒரு வார்த்தை கேட்க வேண்டும். அதற்காகத்தான் போனேன்.

ஊரைத் தேர்ந்தெடுத்தது நான். அதுவும் என் தலையெழுத்து.

"பெனிடோர்ம் போலாம்டி. பிங்கோ இருக்கு, டான்ஸ் இருக்கு, நம்ம வயசுக் கிழவனுங்க கும்பலா இருக்கானுங்க."

"அது ஊரா? சந்தை. ஊருன்னா அதுக்குன்னு ஒரு முகம் வேணும்க்கா."

"முகத்தை வச்சு நாக்கு வழிக்கவா? பக்கத்துல ஆஸ்பத்திரி இருக்கான்னு பாரு."

நான் பார்க்கவில்லை. வடக்குக் கடற்கரையில் பெனார்சா என்ற சின்ன மீனவ ஊரைப் பிடித்தேன். துறைமுகத்துக்கு இறங்கும் கல்படிகள், பச்சையும் நீலமுமாய் ஜன்னல்கள், வாசலில் காயும் வலைகள். ஆகஸ்டில் கால் வைக்க இடம் இருக்காது. நவம்பரில் அறுநூறு பேர். வாடகையும் பாதி. நல்ல ஊர்தான். பத்தில் எட்டுக் கதவு பூட்டிய ஊர்.

வியாழன் சாயங்காலம் 4.30. அக்கா கட்டிலில் சாய்ந்திருந்தாள். முகம் வெளுத்திருந்தது.

"நெஞ்சு கொஞ்சம் கனமா இருக்குடி. பிரஷர் மாத்திரையை வீட்டுலயே வச்சிட்டு வந்துட்டேன்."

"ஆம்புலன்ஸ் கூப்பிடவா?"

"மத்தியானம் தின்ன மீன் எதுக்களிக்குது. அதுக்கு ஆம்புலன்சா? போய் மாத்திரை எழுதி வாங்கிட்டு வா, போதும்."

ஒரு வார்த்தை ஆறுதலாகப் பேசியிருக்கலாம். "மாத்திரையை மறப்ப, பவுடர் டப்பாவை மறக்க மாட்டியே" என்று குத்திவிட்டுக் கிளம்பினேன். மணி 4.40.

கடற்கரை ஓரமாக ஒரு வைத்தியசாலை இருப்பதை வந்த அன்றே கவனித்திருந்தேன். வெள்ளைக் கட்டடம், சிவப்புச் சிலுவை. கதவு திறந்திருந்தது. உள்ளே விளக்கு எரிந்தது. சுவரோரம் பிளாஸ்டிக் நாற்காலிகளில் எட்டுப் பேர்.

எங்கள் நாட்டில் ஒரு பழக்கம். மீன்கடையோ டாக்டரோ, வரிசை கட்டி நிற்க மாட்டோம். உள்ளே நுழைந்ததும் 'கடைசி ஆள் யார்?' என்று பொதுவாகக் கேட்போம். ஒருவர் கையைத் தூக்குவார். அவருக்குப் பின்னால் நாம். கேட்ட அந்த நொடியே நம் இடம் முடிவாகிவிடும்.

நானும் கேட்டேன்.

மூலையில் வைக்கோல் தொப்பி போட்ட ஒரு கிழவி ஒற்றை விரலைத் தூக்கினாள். "நான்தான்."

உட்கார்ந்தேன். மணி 4.52.

முதலில் உறுத்தியது அந்த அமைதி. எங்கள் ஆட்கள் நாலு பேர் சேர்ந்து காத்திருந்தால் பேச்சு முட்டிவலியில் ஆரம்பித்து மருமகளில் போய் முடியும். இங்கே ஒரு இருமல்கூட இல்லை. எட்டுப் பேரும் எதிர்ச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அப்புறம்தான் உடைகளைப் பார்த்தேன். ரப்பர் செருப்பு. அரைக்கால் சட்டை. ஒரு பெண் நீச்சல் உடைக்கு மேல் துண்டு போர்த்தியிருந்தாள். நவம்பரில்! நான் கம்பளிக் கோட்டிலும் நடுங்கிக்கொண்டிருக்கிறேன்.

சொட்... சொட்... சொட்...

எல்லா நாற்காலிக்குக் கீழேயும் தண்ணீர். வெளியே மழை இன்னும் தொடங்கவில்லை.

உள்ளறைக் கதவு கொஞ்சமாகத் திறந்தது.

"அடுத்தது."

ஆணா பெண்ணா, சொல்ல முடியாத குரல். ஒருவர் எழுந்து போனார். கதவு மூடியது. நாலு நிமிஷம்.

"அடுத்தது."

போனவர் வெளியே வரவே இல்லையே! பின்பக்கம் வழி இருக்கும் என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன்.

5.15. நாலு பேர் மிச்சம். வெளியே மழை பிடித்தது.

5.24. இரண்டு பேர். எழுந்து ஓடிவிடலாம் என்று பார்த்தேன். கால் வரவில்லை. இடது கை விரல் நுனிவரை மரத்துப்போயிருந்தது. முதுகில் வியர்வை ஆறாக ஓடியது.

5.36. தொப்பிக் கிழவி எழுந்தாள். என் முன்னால் வந்து நின்றாள். கண்ணில் மணல்...

"எனக்கப்புறம் நீதான்."

போய்விட்டாள். அறையில் நான் மட்டும்.

சொட்... சொட்...

5.40.

தெருக்கதவு தடாரென்று திறந்தது.

அக்கா!

அதே பழுப்புச் சட்டை. அதே வீட்டுச் செருப்பு. வெளியே மழை கொட்டுகிறது, கையில் குடை இல்லை. மேலே ஒரு சொட்டு ஈரமும் இல்லை.

"கடைசி ஆள் யாரு?" அவளுடைய அதே அதட்டல் குரல்.

"நான்தான். என்னைத் தவிர யாரு இருக்கா இங்க?"

உள்ளறைக் கதவு திறந்தது.

"அடுத்தது."

அக்கா விறுவிறுவென்று என்னைத் தாண்டிப் போனாள். அதுவரை அடைத்துக்கொண்டிருந்த பயம் எல்லாம் ஒரே நொடியில் கோபமாக மாறிவிட்டது.

"ஏய்! இது என் முறை!"

"தெரியும்டி."

"முப்பத்தாறு வருஷமாச்சு, இன்னும் திருந்தலையா நீ? வெட்கங்கெட்டவளே!"

கதவில் கை வைத்து நின்றாள். திரும்பவில்லை.

"இந்த ஒரு தடவை விட்டுக்கொடு லியோ."

உள்ளே போனாள். கதவு மூடியது.

என் காலைப் பிடித்திருந்தது அந்த நொடியே விட்டது. கையில் உயிர் வந்தது. நான் அவளுக்காகக் காத்திருக்கவில்லை. வந்தால் வரட்டும், என்ன வேண்டுமானாலும் ஆகட்டும் என்று மழையில் இறங்கி நடந்தேன். வழியெல்லாம் வாய்விட்டுத் திட்டிக்கொண்டே போனேன்.

5.49. வீட்டுக் கதவைத் திறந்தேன்.

அக்கா கட்டிலில் படுத்திருந்தாள்.

பழுப்புச் சட்டை. கட்டிலுக்கடியில் வீட்டுச் செருப்பு, ஒன்றோடொன்று சேர்த்து வைத்தபடி.

"அக்கா..."

தொட்டேன். சில்லிட்டிருந்தது.

ஆம்புலன்ஸ் வர நாற்பது நிமிஷம் ஆனது. பக்கத்தில் ஆஸ்பத்திரி இல்லையே! வந்த இளம் டாக்டர் பரிசோதித்துவிட்டு என் தோளில் கை வைத்தாள்.

"அஞ்சு மணிக்கு முன்னாடியே போயிட்டாங்கம்மா."

"இல்ல. 5.40க்கு என்கூடப் பேசினா. வைத்தியசாலைக்கு வந்தா."

டாக்டர் தன்னோடு வந்த ஆண் நர்ஸைப் பார்த்தாள். அவன் தரையைப் பார்த்தான்.

மறுநாள் காலை ஔரேலியோ என்ற உள்ளூர்ப் போலீஸ்காரர் நகராட்சியிலிருந்து சாவி வாங்கிக்கொண்டு என்னை அங்கே அழைத்துப் போனார். கதவில் ஒரு பலகை இருந்தது. கடலில் குளிக்க வருபவர்களுக்கான வைத்தியசாலை. ஜூலை, ஆகஸ்ட் மட்டும். பூட்டு உப்புக்காற்றில் துருவேறித் திறக்க மறுத்தது. எண்ணெய் விட்டுத்தான் திறந்தார். நாற்காலிகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் கயிற்றால் கட்டியிருந்தன. உள்ளறைக்குப் பின்வழியே கிடையாது. கம்பி போட்ட ஒரு ஜன்னல்தான்.

"செப்டம்பர்லயே பூட்டியாச்சும்மா. நீங்க வேற எங்கயாவது உட்கார்ந்திருப்பீங்க."

"வேற எங்க? நீங்களே சொல்லுங்க."

அவர் பூட்டை மாட்டினார்.

அக்காவைச் சரகோசாவில் பெர்மின் பக்கத்திலேயே அடக்கம் செய்தோம். முப்பத்தாறு வருஷம் காத்திருந்து கேட்கப்போன வார்த்தையைக் கேட்காமலே திரும்பினேன் என்று எனக்கு மனசு ஆறவில்லை. சாவிலும் முந்திக்கொண்டாள் பார் என்றுகூட ஒருத்தியிடம் சொன்னேன். என் நாக்கு அழுகிப்போக.

ஜனவரியில் மாடி ஏற முடியாமல் மூச்சு வாங்கியது. இதய டாக்டரிடம் போனேன். அவர் ஸ்கேன் படங்களை இரண்டு தடவை புரட்டிப் பார்த்தார்.

"ரெண்டு மாசம் முன்னாடி உங்களுக்குப் பெரிய மாரடைப்பு வந்திருக்கே. எந்த ஆஸ்பத்திரியில சேர்ந்தீங்க?"

"எங்கயும் சேரலையே."

"இப்படி அடைப்பு வந்து, மருந்தே இல்லாம பிழைச்சவங்களை நான் பார்த்ததில்ல. அன்னைக்கே நீங்க போயிருக்கணும். அப்ப எங்க இருந்தீங்க, ஞாபகம் இருக்கா?"

இடது கை மரத்துப்போய் என் முறைக்குக் காத்திருந்த அந்த நாற்காலிதான் ஞாபகம் வந்தது. அவர் தண்ணீர் கொடுத்தார்.

'மன்னிச்சுடு' என்று அவள் சொல்லவே இல்லை. அவள் செய்துவிட்டுப் போனது அதைவிடப் பெரியது. அதற்கு நான் கொடுத்த பதில் 'வெட்கங்கெட்டவளே'. அவள் காதில் கடைசியாக விழுந்தது அதுதான். அந்த வார்த்தையை இனி நான் எங்கே போய்த் திரும்ப வாங்குவேன்?