வெட்டி எழுதிய எடை

நானும் மகளும் ஒரே பாடத்தைத்தான் படித்தோம். நான் ஓய்வுபெற்ற கணித ஆசிரியன்; அவள் முப்பது வயதில் புரோகிராம் எழுதக் கற்றுக்கொண்டிருந்தாள். மொத்தம் நாற்பத்திரண்டு வீடியோக்கள். புரோகிராமுக்குள் ஒரு கணக்கைச் செய்யும் பகுதியான ஃபங்ஷன், தனக்குக் கொடுத்த மதிப்பை மாற்றக் கூடாது, புதிய மதிப்பொன்றை உண்டாக்கித் தர வேண்டும் என்றது ஒன்பதாவது. இருவருக்குமே அது வீண் வேலையாகப் பட்டது. பத்தாவதுக்குப் போய்விட்டோம்.

தலவாக்கலைக்கு மேலே எங்கள் பக்கத்துச் சிறுதோட்டக்காரர்கள் சங்கமாகச் சேர்ந்து தேயிலைக் கொழுந்து விற்கிறார்கள். எடையைக் கணினியில் பதிய மகள் ஒரு புரோகிராம் எழுதினாள். சங்கத்துக்குப் பிடித்துப்போனால் அந்த வேலை அவளுக்கு. இல்லையென்றால் கொழும்பில் ஒரு வேலை காத்திருந்தது. அவள் போய்விட்டால் வீட்டில் நான் ஒருவன்.

கொழுந்தைச் சாக்கோடு நிறுத்துக் காகிதத் துண்டில் எழுதுவார்கள். சாக்குக்கு ஒரு கிலோ, மழை நாளென்றால் தண்ணீருக்கு இரண்டு கிலோ கழித்து, பழைய எண்ணை வெட்டிவிட்டுப் பக்கத்திலேயே புதியதை எழுதுவார்கள். மகள் அந்த வழக்கத்தை அப்படியே புரோகிராமில் வைத்தாள்.

சோதனை நாளில் நல்ல மழை. கொழுந்து ஏற்றும் லொறியும் வந்து நின்றுவிட்டது. முதல் சாக்கு இருபத்தொரு கிலோ. மகள் பொத்தானை அழுத்தினாள், திரையில் பதினெட்டு. சிக்னல் இல்லாததால் அது சங்கத்துக் கணினிக்குப் போய்ச் சேரவில்லை. மறுபடி அழுத்தினாள். பதினைந்து.

"என்னா தங்கச்சி, மூணு கிலோவ உங்க பொட்டி தின்னுருச்சா?" என்றார் அந்தச் சாக்குக்குச் சொந்தக்காரப் பெண்.

"மாஸ்டர் வீட்டுப் பொட்டிக்கும் பசிக்குமில்ல," என்றது வரிசையிலிருந்து ஒரு குரல். எல்லோரும் சிரித்தார்கள். சங்கத் தலைவி மட்டும் சிரிக்கவில்லை.

பிழை எங்கே என்று எனக்குப் புரிந்தது. துண்டில் வெட்டிய எண் அடியில் தெரியும். கழித்தாயிற்று என்று கண் பார்த்துக்கொள்ளும். இங்கே பழைய எடை இருந்த இடத்திலேயே புதியது உட்கார்ந்துவிட்டது. ஒவ்வொரு அழுத்தலும் கழித்ததிலிருந்தே கழித்தது.

"ஒன்பதாவது வீடியோ," என்றேன்.

"தெரியுதுங்கப்பா. பேசாம இருங்க."

அவள் குடைக்கடியில் குந்தித் தட்டினாள். லொறிக்காரர் ஹோர்ன் அடித்தார். இன்னும் பதினாறு சாக்குகள் என்று அவள் பின்னால் நின்று வாய்க்குள் எண்ணினேன். நிறுத்த எடையைத் தொடாமல் விட்டு, கழித்த எடையைத் தனியாகத் தரும்படி ஃபங்ஷனை மாற்றினாள். சாக்கை மீண்டும் தராசில் மாட்டினார்கள். இருபத்தொன்று. அழுத்தினாள்: பதினெட்டு. மறுபடியும் பதினெட்டு.

"இன்னொருக்கா அமத்து," என்றார் தலைவி. பதினெட்டுதான். "சாக்கோட எவ்வளவு, கழிச்சு எவ்வளவு, ரெண்டும் எங்க கண்ணுக்குத் தெரியணும். இன்னைக்குத் துண்டுலயே எழுதுவோம். நாளைக்குத் துண்டயும் பொட்டியையும் வச்சுப் பாப்போம். அதுலயும் பெசகுனா வேணாம் தங்கச்சி."

"சரிங்கக்கா."

ஒரு நாள் கிடைத்தது, அவ்வளவுதான். லொறி போன பின் மகள் கணினியைப் பொலித்தீனில் சுற்றினாள். மாற்றிய வரிகளை நானும் ஒரு தடவை பார்க்கட்டுமா என்று கேட்டேன்.

"பாருங்க. ஆனா நாளைக்கு இங்க வராதீங்கப்பா. பின்னாடி நின்னு நீங்க சாக்கு எண்ணுறது எனக்குக் கேக்குது."