நூறு கோடியே ஒன்று

தொண்ணூறுகளில் எங்கள் குன்னத்துகால் பக்கத்துக் கிளப்புகளுக்குள் ஒரு வழக்கம் உண்டு. ஓணத்துக்கு நடக்கும் குவிஸ்ஸில் தோற்ற டீம், அன்றைய சாப்பாட்டில் ஜெயித்த கிளப்புக்கு இலை போட்டுப் பரிமாற வேண்டும். வருடாவருடம் வாளி தூக்கியது நாங்கள்தான். அந்த வருடம் நான் பி.எஸ்ஸி. கணக்கு. படித்த படிப்புக்கு இனியும் சாம்பார் ஊற்றினால் ஊருக்குள் தலைகாட்ட முடியாது.

கடைசிக் கேள்வி வரை நாங்களும் அமரவிளை டீமும் சமம். மைக்கில் டியூட்டோரியல் காலேஜ் கணக்கு சார்.

"நூறு கோடியே ஒண்ணு. இது பிரைம் நம்பரா, இல்லியா?"

அமரவிளைக்காரன் முந்திக்கொண்டு பெல்லை அடித்தான். "பிரைம், சார்!"

"சரியான உத்தரம்!"

அவர்கள் துள்ளினார்கள். பெல் அடித்தவன் என்னைப் பார்த்து, "மக்கா, எனக்கு அவியல் கூடுதல் விளம்பணும், கேட்டியா?" என்றான்.

எழுந்துவிட்டேன். "சார், அது தப்பாக்கும்."

"எலே, இரி அங்க! நான் செக் பண்ணினதாக்கும்." தன் மச்சினன் கல்ஃபிலிருந்து கொண்டுவந்த கால்குலேட்டரைத் தூக்கிக் காட்டினார். "மூணு, ஏழு, பதினொண்ணு, பதிமூணு... எதுல வகுத்தாலும் புள்ளி வருது."

"அந்த நம்பர இப்பம் ஒருக்கா அடிங்க, சார்."

அடித்தார். நான் மேடையேறி எட்டிப் பார்த்தேன். "கடைசி ஒண்ணு எங்க, சார்?"

கால்குலேட்டரில் எட்டு இலக்கம்தான் கொள்ளும். நம்பருக்கோ பத்து இலக்கம். கடைசி இரண்டையும் அது சத்தமில்லாமல் விட்டுவிட்டது. சார் வகுத்துப் பார்த்ததெல்லாம் வெறும் ஒரு கோடியை! கூட்டத்தில் விசில் பறந்தது.

சார் விடவில்லை. "செரி, அப்பம் எதுல வகுபடும்? சொல்லு. இல்லேன்னா மார்க்கு அவங்களுக்குத்தான்."

இதுக்குத்தானே காத்திருந்தேன்! ஆயிரத்தின் கனம், அதாவது க்யூப், நூறு கோடி. ஒன்றின் கனம் ஒன்று. இரண்டு கனங்களைக் கூட்டினால், அந்தத் தொகை மூல எண்களின் கூட்டுத்தொகையால் கட்டாயம் வகுபடும். ஆக, ஆயிரத்தொன்றால் வகுபடும். ஆயிரத்தொன்று என்பது ஏழையும் பதினொன்றையும் பதிமூன்றையும் பெருக்கினால் வருவது.

"ஏழுல போவும், சார்! பதினொண்ணுலயும் பதிமூணுலயும் போவும்!"

"போர்டுல போட்டுக் காட்டு."

சாக்பீஸை எடுத்து ஏழால் வகுக்க ஆரம்பித்தேன். ஒன்று, நான்கு, இரண்டு, எட்டு என்று ஈவு நீள நீள, எங்கள் பையன்கள் ஒவ்வொரு இலக்கத்துக்கும் கத்தினார்கள். கடைசியில் மிஞ்சியது இருபத்தொன்று.

"மூவேழு இருபத்தொண்ணு!" பந்தலே சேர்ந்து சொன்னது. மீதி பூஜ்யம்.

சார் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். மைக்கில் எங்கள் கிளப்பின் பெயர் கேட்டது.

பந்தியில் முதல் இலை எனக்கு. பெல் அடித்தவன் பாயச வாளியோடு வந்து நின்றான். முகத்தில் சிரிப்பு இல்லை, ஆனால் சந்தேகம் இருந்தது.

"மக்கா, மத்த ரெண்டுலயும் போவுமா?"

"போவும். நீ மொதல்ல ஊத்து, சொல்லித் தாறேன்."