மேவிஸ் மூடி வைத்த பெயர்

மேவிஸுக்குச் சம்பளம் கொடுத்தது பறவை எச்சம் பொறுக்குவதற்கு. இதைக் கேட்டுச் சிரிக்காத வெளியூர்க்காரனை நான் பார்த்ததில்லை. சிரிக்கட்டும். எங்கள் காட்டுக் காசோவரி பறக்காத பறவை, ஆள் உயரம் நிற்கும். உதைத்தால் வயிறு கிழியும். அது மரத்தடியில் விழுந்த பழங்களை மென்று தின்பதில்லை, அப்படியே விழுங்கிவிடும். பிறகு போகிற வழியில் தட்டு நிறையக் குவித்து வைத்துவிட்டுப் போகும். சில மரங்களின் கொட்டை அந்த வயிற்றுக்குள் போய் வந்தால்தான் ஒழுங்காக முளைக்கும். மேவிஸ் அதை வாளியில் அள்ளி வந்து, சல்லடையில் போட்டு ஓடைத் தண்ணீரில் அலசி, கொட்டைகளைப் பிரித்து நாற்றுப் பண்ணையில் ஊன்றுவாள். கரும்பு போடுவதற்காக மொட்டையடித்த இடங்களுக்கு அந்தக் கன்றுகள் போகும்.

"கை நாறாதா?" என்று ஒரு சுற்றுலாக்காரி மூக்கைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

"உம் புருஷன் சாக்ஸ நீ தொவச்சதே இல்லையா?" என்றாள் மேவிஸ். அந்தப் பெண் நேரே பேருந்தில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

மேவிஸின் வாய் அப்படி. மொச்சை ஓடை கடலில் விழுகிற இடத்தில்தான் அவள் வீடு. மலை அங்கே சமவெளிக்கு இடமே விடாமல் நேராக மணலில் வந்து இறங்கும். பெரிய அலை அடித்தால் உப்புத்தண்ணீர் கொடிகளின் வேரை நனைக்கும். ஓடையின் இரண்டு கரையிலும் உப்புத்தண்ணீரில் நிற்கிற கண்டல் மரங்கள், அவற்றின் சேற்றில் நண்டு, நண்டு இருக்கிற இடத்தில் முதலை. அவள் புருஷன் அந்த ஓடையில் நண்டுக்கூடு போட்டே காலத்தை ஓட்டியவர். இருவரும் தினம் சண்டை போடுவார்கள். சண்டை கேட்கவில்லை என்றால் அக்கம்பக்கத்தார் உடம்புக்கு என்னவோ என்று எட்டிப் பார்ப்பார்கள். ஒரு நாள் காலையில் கூட்டை இழுக்கும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு படகிலேயே சாய்ந்தார். அவ்வளவுதான்.

எங்கள் பக்கத்தில் ஒருவர் போய்விட்டால் நெருங்கிய சொந்தம் ஒருவர் அவர் பெயரையும் மூடிவிடுவார். யாரும் வாய்விட்டுச் சொல்லக் கூடாது. சொன்னால் அவர் திரும்பிப் பார்ப்பார், போக வேண்டிய வழியில் போகமாட்டார். வீட்டுக்குப் புகை போட்டு, குழிமேல் கல் வைத்து, சொந்தபந்தம் கூடிச் சாப்பிடும் நாளில், மூடியவர் யாரோ அவரே எழுந்து நின்று அந்தப் பெயரைக் கூப்பிட வேண்டும். அன்றோடு பெயர் திறந்துவிடும். ஒரு மழைக்காலம் போனால் பெரும்பாலும் திறந்துவிடுவார்கள். மேவிஸ் இரண்டு மழைக்காலம் போயும் திறக்கவில்லை.

இதில் மாட்டிக்கொண்டவன் அவளுடைய நாத்தனார் லோர்னாவின் மகன். தாய்மாமன் பெயரையே அவனுக்கு வைத்திருந்தார்கள். மாமன் போன அன்றே அவனுக்கும் பெயர் போயிற்று. மாற்றுப் பெயர் ஏதாவது வைக்கலாம் என்றால் அதற்கும் மேவிஸ் முகம் கொடுக்கவில்லை. முப்பது வயது ஆண்பிள்ளையை ஊரே "ஏய்" என்று கூப்பிட்டது. கால்பந்து ஆடும்போது "ஏய், இங்க தள்ளு!" என்று கத்தினால் எதிரணிக்காரனும் சேர்ந்து திரும்பிப் பார்த்தான். பொறுமைசாலி, சிரித்துக்கொண்டான். நாற்றுப் பண்ணையில் அத்தைக்கு உதவியாள் அவன்தான்.

லோர்னாவுக்குத்தான் பொறுக்கவில்லை.

"அண்ணி, கல்லு வந்து ஷெட்டுல கெடக்கு. எப்பத்தான் வைக்கிறது?"

"மழ விடட்டும்."

"மழ விட்டு எத்தன நாளாச்சு!"

"நண்டு சீசன் முடியட்டும்."

"பெத்தவ நான். எம்புள்ள பேர என் வாயால சொல்ல முடியல. நாயக் கூப்புடுற மாதிரி ஏய், ஏய்னு கூப்புடுறேன்."

"நாயா இருந்தா சொன்ன பேச்சக் கேட்டிருக்கும். போடி, போய் வேலையப் பாரு."

உள்ளதைச் சொன்னால், மேவிஸ் அந்தப் பெயரைத் தினமும் சொல்லிக்கொண்டுதான் இருந்தாள், மனசுக்குள். திறந்துவிட்டால் ஊரெல்லாம் சொல்லும். சாப்பிடக் கூப்பிடுவார்கள், பந்துக்குக் கூப்பிடுவார்கள், அந்தப் பையனைத் திட்டுவார்கள். மூடியிருக்கிறவரை அது அவளுக்கு மட்டும். அவரிடமிருந்து அவளுக்கென்று மிச்சம் இருந்தது அது ஒன்றுதான், அதையும் பங்கு போட அவளுக்கு மனசு வரவில்லை.

அந்த வருஷம் காசோவரி விழுங்குகிற நீலப் பழம் நிறைய உதிர்ந்திருந்தது. "கொட்டையில்லாம வெறுங்கையோட வந்து நிக்காத" என்று ஒரு நாள் காலையில் மேவிஸ் அவனை வாளியோடு காட்டுக்குள் விரட்டினாள். மாலைவரை அவன் வரவில்லை. மழை பிடித்துக்கொண்டது. சொந்தக்காரர்கள் விடியும்வரை மேட்டுப் பாதை பக்கம் தேடினார்கள், ஏனென்றால் பழமரங்கள் அங்கேதான். விடிந்ததும் நகரத்திலிருந்து காவல்துறைப் படகு வந்தது. சார்ஜென்ட் கீத் நல்ல மனுஷன், ஊருக்குப் புதுசு. யாரையும் எதற்கும் காத்திருக்க வைக்காமல், ஒலிபெருக்கியை எடுத்துக்கொண்டு நேரே ஓடைக்குள் போனார்.

மதியம் திரும்பி வந்தார்.

"அருவி வரைக்கும் போயிட்டோம். பேரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கிட்டே போனோம். நிறுத்தி நிறுத்திக் கேட்டோம். ஒரு சத்தமும் இல்ல. ஓடைப் பக்கம் ஆள் இல்ல, தெற்கு முனைக்குப் போறோம்."

மேவிஸ் கையிலிருந்த டீக் குவளையைக் கீழே வைத்தாள். "என்ன பேரச் சொல்லிக் கூப்பிட்டீங்க?"

கீத் சொன்னார். கடற்கரையில் இருந்த அத்தனை பேரும் மணலைப் பார்த்தார்கள். கிழவர் ஒருவர் எழுந்து தள்ளிப் போய்விட்டார்.

"அவன் பேர்தானே அது? பதிவுல அப்படித்தானே இருக்கு?" என்றார் கீத், ஒன்றும் புரியாமல்.

மேவிஸ் மணலில் உட்கார்ந்துவிட்டாள். அவளுக்குப் புரிந்துவிட்டது. மேட்டுப் பாதையில் இரவெல்லாம் 'ஏய்' என்று கத்தியும் கிடைக்காதவன் ஓடைப் பக்கம்தான் இருக்கிறான். கூப்பிட்டது காதில் விழுந்திருக்கிறது. அதனால்தான் வாயை மூடிக்கொண்டிருக்கிறான். காட்டுக்குள் முகம் தெரியாத குரல் ஒன்று, மூடிய பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறது. உயிரோடு இருக்கிற எவரும் அந்தப் பெயரைச் சொல்லத் துணியமாட்டார்கள் என்று அவனுக்குத் தெரியும். அப்படியானால் கூப்பிடுவது யார்? நீங்கள் சிரிப்பீர்கள். எங்கள் கரையில் வளர்ந்த எவனும் அந்தக் குரலுக்கு 'உம்' கொட்டமாட்டான்.

"அவன் அங்கதான் இருக்கான்" என்றாள்.

"கூப்பிட்டோமே!"

"செத்தவரக் கூப்பிட்டீங்க. அவன் எப்படி ஏன்னு கேப்பான்?"

கீத் தொப்பியைக் கழற்றித் தலையைத் தடவினார். "இந்தப் பேரைச் சொல்லாதீங்கன்னு யாராவது முன்னாடியே சொல்லியிருக்கலாமே."

"எந்தப் பேருன்னு சொல்றதுக்கே அந்தப் பேரச் சொல்லணுமே சாமி!" என்றாள் லோர்னா. சிரிக்க வேண்டிய பேச்சு, யாரும் சிரிக்கவில்லை. கடல் ஓதம் ஓடைக்குள் ஏற ஆரம்பித்திருந்தது. ஓதம் ஏறினால் முதலையும் கூடவே ஓடைக்குள் ஏறும். தெற்கு முனைக்குப் போய்த் திரும்புவதற்குள் கண்டல் மரம் இடுப்பளவு முழுகிவிடும். கீத் தண்ணீரைப் பார்த்தார், மேவிஸைப் பார்த்தார். "ஏறுங்க" என்றார்.

மேவிஸும் லோர்னாவும் ஏறினார்கள். ஓடைக்குள் போகப்போக மரங்கள் மேலே கூடிக்கொண்டன, வெளிச்சம் பச்சையாக இறங்கியது. வலது கரைச் சேற்றில் முதலை வழுக்கி இறங்கிய தடம், புதுசு. லோர்னா ஒலிபெருக்கியைப் பிடுங்கிக்கொண்டாள்.

"மகனே! அம்மாடா! எங்கடா இருக்க?"

பதில் இல்லை. மேவிஸும் வாங்கிக் கூப்பிட்டாள். "டேய், அத்தைடா! வாயத் தெறடா!" மரங்களிலிருந்து நீர் சொட்டியது, வேறொன்றும் இல்லை. மூடிய பெயரைச் சொன்ன குரல் அடுத்தபடியாக அம்மா குரலில் வரும், அத்தை குரலில் வரும் என்றுதானே பிள்ளைகளுக்கு நாமே சொல்லி வளர்த்திருக்கிறோம். அவன் சொன்ன பேச்சைக் கேட்ட பிள்ளையாகவே இருந்தான்.

லோர்னா திரும்பி மேவிஸைப் பார்த்தாள். திட்டவில்லை, கெஞ்சவில்லை. "அண்ணி" என்று மட்டும் சொன்னாள்.

மூடியவள் திறந்தால், கூப்பிடுவது உயிருள்ள ஆள் என்று அவனுக்குத் தெரியும். வேறெந்தக் குரலாலும் முடியாத காரியம் அது. கல் இல்லை, புகை இல்லை, சொந்தபந்தம் இல்லை. சேறும் கொசுவும் ஒரு காவல்துறைப் படகும்தான் இருந்தன. இப்படியா இதைச் செய்வது என்று அவளுக்கு நெஞ்சு கொதித்தது.

"இஞ்சின நிறுத்துங்க" என்றாள். எழுந்து நின்றாள். ஒலிபெருக்கியை லோர்னா மடியில் போட்டாள்.

"நான் மேவிஸ்! மூடினவ நான்! இப்பத் தெறக்கிறேன்!"

மூச்சை இழுத்தாள். "லெஸ்டர்!"

பாதியில் குரல் கிழிந்தது. மறுபடி கூப்பிட்டாள். "லெஸ்டர்!"

இடது கரையில், கண்டலுக்குப் பின்னாலிருந்து கம்மிய குரல் வந்தது. "அத்தே... இங்க... பாத்து வாங்க, சுணைமரம் இருக்கு. கைய வச்சிராதீங்க."

வேர்களுக்கு நடுவே கணுக்கால் முறிந்து கிடந்தான். தண்ணீர் அவன் தொடையைத் தொட்டிருந்தது. மேட்டுப் பாதையில் அன்று எச்சம் கிடைக்கவில்லையாம். தடத்தைப் பிடித்துக்கொண்டு ஓடைப் பக்கம் இறங்கியிருக்கிறான். குஞ்சுகளோடு வந்த ஆண் காசோவரி விரட்ட, பின்வாங்கிச் சரிவில் உருண்டு, விழும்போது, தொட்டாலே கொட்டுகிற சுணைமரத்தைப் பிடித்துத் தொலைத்திருக்கிறான். கை பந்து போல வீங்கியிருந்தது.

"காலையில ஒரு குரல் கேட்டுச்சு. மாமாதான் கூட்டிட்டுப் போக வந்துட்டாருன்னு நெனச்சேன்" என்றான். லோர்னா அவன் தோளில் இரண்டு அடி போட்டுவிட்டுக் கட்டிக்கொண்டு அழுதாள். கீத்தும் உடன் வந்த காவலரும் அவனைத் தூக்கிப் படகில் கிடத்தினார்கள்.

மேவிஸ் உட்காரவில்லை. படகின் விளிம்பில் நின்று, மரங்களைப் பார்த்துக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். "லெஸ்டர்! லெஸ்டர்!" இரண்டு வருஷத்துக் குரல் அது. கீத் இஞ்சின் கயிற்றைக் கையில் பிடித்தபடி காத்திருந்தார். லோர்னாவும் தடுக்கவில்லை.

படுத்திருந்தவன்தான் அவள் பாவாடை நுனியைப் பிடித்து இழுத்தான். "அத்தே, நான் இங்கதான் இருக்கேன்."

"ஒன்ன இல்லடா" என்றாள் மேவிஸ்.