ஆவித் துளை

எழுபதுகளின் கடைசியில், திருவண்ணாமலை தேரடித் தெருவில் செம்பு பாய்லர் விற்ற பாய்க்கு இடது புருவம் இல்லை. எதைக் காட்டினாலும் முதலில் அதன் தலையிலிருக்கும் ஆவித் துளைக்குள் ஒரு குச்சியை விட்டுப் பார்ப்பார்.

"இந்த ரெண்டுல எதை நம்பி வாங்கலாம் பாய்?" என்றேன்.

"துளை பெருசா இருக்கறதை எடுங்க சார். ஆவி தாராளமா போவணும்."

"எங்க வூட்டு பழசுல ஆவி போயே சூடு கம்மியாவுது. காலையிலதான் கட்டையைச் சீவி, துளையை இறுக்கி அடைச்சேன்."

குச்சி அவர் கையிலிருந்து விழுந்தது.

"இப்ப எரியுதா?"

"அம்மா குளிக்க மூட்டியிருப்பாங்க."

கடையைத் திறந்தபடியே விட்டுவிட்டு என்னையும் இழுத்துக்கொண்டு ஓடினார். எங்கள் வாசலை அடைந்ததும், "நஸீமா, வெளிய வா! வெளிய வா!" என்று அலறினார். அம்மா மிரண்டுபோய்த் தெருவுக்கு ஓடி வந்தாள். கரி அணைந்து ஆறும்வரை யாரையும் உள்ளே விடாமல், கைகளை விரித்தபடி வாசலிலேயே நின்றார்.

பாய்லர் வெடிக்கவில்லை. மறுநாள் பெரிய துளை உள்ளதையே வாங்கினேன்.

எங்கள் வீட்டில் நஸீமா என்று யாரும் இல்லை. அது யாரென்று அவரிடம் கேட்க எனக்குக் கடைசிவரை தைரியம் வரவில்லை.