ஏற்றாத சூடம்

ஏற்றாத சூடத்துக்கும் ஒரு வாசம் உண்டு. திண்டிவனத்தில் ரயிலேறி எழும்பூரில் இறங்கும்வரை அம்மாவின் மடியில் தலைவைத்துப் படுத்திருந்த எனக்கு, அவள் முந்தானை முடிச்சிலிருந்து வந்துகொண்டேயிருந்த அந்த வாசத்தில் எஞ்சின் புகைகூடத் தெரியவில்லை. சூடம் காற்றில் கரைந்துவிடாமலிருக்க நாலைந்து மிளகையும் சேர்த்து முடிந்திருந்தாள். துணிப்பையில், மூலையில் மஞ்சள் தடவிய புதுச் சிவப்புச் சிற்றாடை ஒன்று. இரண்டும் பட்டணத்து மியூசியத்தில் நிற்கும் எங்கள் அம்மனுக்கு.

"எங்கள்" என்று சொன்னால் படித்தவர்கள் ஒப்பமாட்டார்கள். சர்க்கார் சொத்து என்பார்கள். இருக்கட்டும். கிளியனூருக்குப் பக்கத்தில் எங்கள் மல்லாட்டைக் கொல்லையில், அதாவது வேர்க்கடலை நிலத்தில், கிணறு வெட்டும்போது, இடுப்பளவுப் பள்ளத்தில் கடப்பாரை "ணங்"கென்று இடிக்க, மண்ணோடு மேலே வந்தவள் அவள். முழ உயரச் செப்புத் திருமேனி. கழுவி நிறுத்தியதும் அம்மா ஓடிப்போய்த் தன் கல்யாணக் கூறைச் சேலையைக் கொண்டுவந்து சுற்றினாளாம். பொம்பளையை ஊரார் கண்ணெதிரே இப்படியா நிற்கவைப்பது என்று வெட்டுகிற ஆட்களை ஏசவும் செய்தாளாம். அப்போது எனக்கு ஐந்து வயது. கண் திறக்காத காய்ச்சல். வைத்தியர் கையை விரித்துவிட்டார். நான் பிழைத்தால் புதுச்சேலை கட்டிச் சூடம் ஏற்றுவதாக அம்மா அவளிடமே நேர்ந்துகொண்டாள். மறுநாள் விடியலில் நான் எழுந்து கஞ்சி கேட்டேன் என்று வீட்டில் சொல்வார்கள்.

சேலை வாங்க அப்பா திண்டிவனம் போயிருந்த நேரத்தில் தாலுகா ஆட்கள் வண்டியோடு வந்து, அம்மனைக் கூறைச் சேலையோடே ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். புதையல் சர்க்காருக்குத்தான், சட்டம் அது. ஆனால் நேர்த்திக்கடன் நின்றுபோயிற்றே! அதற்குப் பிறகு நான் தும்மினாலும் அம்மா ஓடிவந்து நெற்றியைத் தொட்டுப் பார்ப்பாள். "குடுத்தவ திருப்பிக் கேக்கறா" என்பாள். சோறு இறங்காமல் அவள் இளைத்துக்கொண்டே போவதைப் பார்த்து, இரண்டு வருஷம் தட்டிக்கழித்த அப்பா, மல்லாட்டை பிடுங்கி முடிந்த கையோடு எங்களைக் கிளப்பினார்.

எழும்பூரில் ஜட்காக்காரர் "செத்த காலேஜா, உயிர் காலேஜா?" என்று கேட்டார். மிருகங்கள் இருக்கும் தோட்டம் உயிர் காலேஜ், மியூசியம் செத்த காலேஜ். பட்டணத்து வழக்கு அப்படி. அம்மாவுக்கு முகம் இருண்டுவிட்டது. மியூசியம் வாசலில் அப்பா கோயிலுக்குள் போவதுபோலச் செருப்பைக் கழற்றிவிட்டார். பூட்ஸோடு உள்ளே போன துரையும் துரைசானியும் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள். பாடம் பண்ணிய புலியைக்கூட நின்று பார்க்கவிடாமல் அம்மா என்னை இழுத்துக்கொண்டு போனாள்.

கோயிலில் நாங்கள் கண்ட உற்சவருக்கெல்லாம் பட்டுக்கும் மாலைக்கும் நடுவே முகம் மட்டுந்தானே தெரியும்? அந்தக் கூடத்தில் எல்லாத் தெய்வங்களும் வெறும் மேனியாய் நின்றன. ஜன்னலோரப் பீடத்தில் எங்கள் அம்மன். நன்றாகத் துலக்கியிருந்தார்கள். கூறைச் சேலை இல்லை. "உன்ன இப்பிடியா நிக்க வெச்சிக்கினு இருக்காங்க" என்று அம்மா வாய்விட்டு அழுதாள்.

அவள் சிற்றாடையைப் பிரித்ததும் காவலிருந்த காக்கிச்சட்டைச் சேவகர் குறுக்கே வந்தார். கெட்ட மனிதர் அல்ல. தொட்டாலும் சூடம் ஏற்றினாலும் தம் வேலை போய்விடும் என்றார். "இது கோயில் இல்லம்மா" என்றார்.

"கோயில் இல்லன்னா எங்க அம்மன எதுக்குங்க இங்க வெச்சிருக்கீங்க?"

சாமிக்குத் தெரியும், போகலாம் என்று அப்பா கூப்பிட்டார். அம்மா அசையவில்லை. என்னைப் பிடித்துப் பீடத்துக்கு எதிரே நிறுத்தி, பாவாடைக்கு மேலேயே அந்தச் சிற்றாடையைச் சுற்றிக் கொசுவம் வைத்துக் கட்டினாள்.

"பாத்துக்கோ. நீ குடுத்த பொண்ணு. உன் சேலைய இவளுக்குக் கட்டிட்டேன். இனிமே இவ உம்பாடு."

சேவகர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

சூட முடிச்சை மட்டும் அவள் அவிழ்க்கவில்லை. அம்மனுக்கென்று நேர்ந்துகொண்டதை மயிலத்து முருகனுக்குக்கூட ஏற்றக் கூடாதாம். ஊருக்குத் திரும்பியதும் அந்த முடிச்சை மிளகோடு கிழித்தெடுத்துத் தகரப்பெட்டியில் வைத்தாள். அதற்குப் பிறகு அவள் என் தும்மலுக்குப் பயப்படவில்லை.

எண்பதைத் தாண்டிவிட்டேன். அம்மா போய் எத்தனையோ காலம் ஆயிற்று. கிணறு இருந்த இடத்தில் இன்று பாண்டிச்சேரிக்குப் போகும் பெரிய சாலை; செத்த காலேஜ் என்றால் என் பேரனுக்குச் சிரிப்பு வருகிறது. போன மாசம் அவன்தான் என்னை அழைத்துப் போனான். அம்மன் இப்போது கண்ணாடிக்குள் இருக்கிறாள். பக்கத்திலிருக்கும் சீட்டில் ஊரும் உலோகமும் எழுதியிருக்கிறது. அவள் எங்களிடமிருந்து சேலை கட்டிக்கொண்டு போனது எழுதியிருக்கவில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. தகரப்பெட்டியிலிருந்து எடுத்து மடியில் வைத்திருந்த அம்மாவின் முடிச்சை அம்மனுக்கு முன்னால் அவிழ்த்தேன். ஏற்ற விடமாட்டார்கள், காட்டவாவது காட்டலாமென்று.

மிளகு இருந்தது. சூடம் இல்லை.

"ஏத்தாமலே எடுத்துக்கினியா?" என்று அவளைக் கேட்டேன்.