வியாழக்கிழமை டீசல்

புனேக்கு வெளியே, தளேகாவ் பக்கத்துத் தொழிற்சாலைகளுக்கு வார விடுமுறை வியாழக்கிழமை. பராமரிப்பு வேலைக்காக அன்றுதான் மின்சாரத்தை நிறுத்துவார்கள். நியாயமாகப் பார்த்தால் எங்கள் தொழிற்சாலையும் அன்று மூடியிருக்க வேண்டும். ஆர்டர் நெருக்கும் மாதங்களில் மூடாது. பின்புறம் இருக்கும் ஜெனரேட்டரை ஓட்டி வேலையை நடத்திவிடுவார்கள். நாங்கள் செய்வது காற்றாலைக் கோபுரங்களை இணைக்கும் பெரிய போல்ட்டுகள். காற்றிலிருந்து மின்சாரம் எடுக்கப் போகிறவர்களுக்கு டீசல் புகையில் போல்ட் செய்து அனுப்புகிறோம் என்று நான் கேலி செய்தால் கேன்டீனில் சிரிப்பார்கள். அதற்கு மேல் யாரும் அதைப் பற்றி யோசித்ததில்லை, நான் உட்பட.

யோசிக்க வைத்தது ஒரு படிவம். எங்கள் போல்ட்டுகள் போகும் ஐரோப்பாவில் சட்டம் போட்டுவிட்டார்கள். வெளிநாட்டிலிருந்து வரும் இரும்புச் சாமானைச் செய்யும்போது எவ்வளவு கார்பன் வெளியானது என்று சொல்ல வேண்டும், அதற்கேற்ப வரி உண்டு. வரி கட்டப் போவது அங்கே வாங்குகிறவர்தான். ஆனால் புகை அதிகமென்றால் அவர் வேறு ஆளைத் தேடிக்கொள்வார். தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் காலமெல்லாம் காகிதத்தோடு மல்லுக்கட்டியவள் என்பதால் படிவம் என் மேஜைக்கு வந்தது. மின்சாரம் இவ்வளவு, உலைக்கு எரிவாயு இவ்வளவு என்று நிரப்பிக்கொண்டே வந்து, டீசல் என்ற கட்டத்தில் நின்றேன்.

எங்கள் பிளான்ட் ஹெட் கோயம்புத்தூர்க்காரர். கோபம் வந்தாலும் 'ங்க' போடாமல் அவருக்குப் பேசத் தெரியாது.

"அது எப்பவாச்சும் ஓடறதுங்க மேடம். அதைப் போயி எழுதோணுமா? விட்டுருங்க."

"எப்பவாச்சுமா சார்? போன மாசம் ஒரு வியாழக்கிழமைகூட விடாம ஓடிச்சு."

"ஆர்டர் போச்சுன்னா நீங்க வந்து ஓனர்கிட்டப் பேசுவீங்களா?"

"பேசறேன். அதுல போடப்போற கையெழுத்து என்னுது சார். பொய்க்குக் கீழ போட மாட்டேன்."

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். வந்துவிட்டால் நியாயம் முழுக்க என் பக்கமே இருப்பதாகவும் தோன்றும். அன்றும் தோன்றியது. நேரே ஜெனரேட்டர் அறைக்குப் போனேன்.

அதைப் பார்த்துக்கொண்டிருந்தவர் பக்கத்து ஊரான தேஹுரோடில் பிறந்து வளர்ந்த தமிழர். ஐம்பதைத் தாண்டிய ஒப்பந்த ஊழியர். அங்குள்ள ராணுவ டிப்போ வேலைக்காக வேலூர்ப் பக்கமிருந்து வந்த குடும்பம். அவருக்கு முன்னால் இருந்தவரை, டீசல் திருடியதாகச் சந்தேகப்பட்டு அனுப்பியிருந்தார்கள். அதனால் இவர் முதல் நாளிலிருந்தே ஒரு நீள நோட்டுப் புத்தகத்தில் எல்லாவற்றையும் எழுதி வந்திருந்தார். எத்தனை மணிக்கு ஓட்டினார், எப்போது நிறுத்தினார், எத்தனை லிட்டர். ஒரு நாள்கூட விட்டுப்போகவில்லை.

"இத்தினி வருசத்துல யாருமே இத்தக் கேட்டதில்ல மேடம்" என்று கையைத் துணியில் துடைத்துக்கொண்டு எடுத்துக் கொடுத்தார். "பாருங்க, ஏக்தம் பக்காவா இருக்கும்."

இருந்தது. அப்படியே எடுத்து எழுதினேன். பிளான்ட் ஹெட் இரண்டு நாள் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. நாளைக்குச் சோதிக்க ஆள் வந்தால் மாட்டிக்கொள்வோம் என்று அவருக்கே தோன்றியிருக்க வேண்டும்; மூன்றாம் நாள் அனுப்பச் சொன்னார்.

ஆர்டர் போகவில்லை. வாங்குகிறவர்கள் நன்றி சொல்லிவிட்டு, டீசலைக் குறைக்க என்ன திட்டம் வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டார்கள். அதன்பின் எல்லாம் மளமளவென்று நடந்தது. பார்க்கலாம் பார்க்கலாம் என்று தள்ளிப்போட்டுக்கொண்டிருந்த முதலாளி கூரை முழுக்க சோலார் பலகை போட்டார். அரசாங்கமே இப்போது அதற்கு வழிவிடுகிறது, வங்கியும் கூப்பிட்டுக் கடன் கொடுக்கிறது. சாத்தாரா பக்கத்துக் காற்றாலை ஒன்றிலிருந்து மின்சாரம் வாங்கவும் ஒப்பந்தம் ஆயிற்று. வியாழக்கிழமை வேலையை மற்ற நாட்களின் இரண்டாம் ஷிஃப்டில் சேர்த்துவிட்டார்கள். சோலார் திறப்பு விழாவில் என்னை முன்னால் அழைத்து சால்வை போர்த்தினார்கள். மறைப்பானேன், பெருமையில் மிதந்தேன். வீட்டில் அந்தச் சால்வையை எடுத்து உள்ளே வைக்கவே நாலு நாள் ஆயிற்று.

அடுத்த மாதம் ஜெனரேட்டர்காரரின் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை. அவசரத்துக்கு மட்டும் ஓடும் இயந்திரத்துக்குத் தனி ஆள் எதற்கு, எலக்ட்ரீஷியனே பார்த்துக்கொள்வார் என்றார்கள். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. பிளான்ட் ஹெட்டிடம் ஓடிப்போய், பலகை கழுவும் வேலையையாவது அவருக்குக் கொடுங்கள் என்றேன்.

"அதைப் பலகை போட்டவங்களே பாத்துக்கறாங்க. நானும் கேட்டுப் பாத்துட்டனுங்க" என்றார். பிறகு, "அந்தாளு அத்தன கரெக்டா எழுதி வெச்சிருக்க வேண்டாமுங்க மேடம்" என்றார். குத்திக்காட்டவில்லை, வருத்தப்பட்டுத்தான் சொன்னார்.

ஜெனரேட்டர்காரரின் கடைசி நாள் மாலை தளேகாவில் அவரும் நானும் ஒரே லோக்கல் ரயிலில் ஏறினோம். அவர் தேஹுரோடில் இறங்குவார். நான் புனே ஸ்டேஷன் வரை போய், வீடு இருக்கும் கோர்படிக்கு ரிக்‌ஷா பிடிக்க வேண்டும். உட்கார்ந்ததும் சொல்லிவிட்டேன்.

"அண்ணா, என்னாலதான் உங்க வேலை போச்சு. என்னை மன்னிச்சிருங்க."

"அட, நீங்க இன்னா பண்ணுவீங்க மேடம்? உள்ளதத்தான எழுதினீங்க. டென்ஷன் நை லேனேக்கா, கவலய வுடுங்க." அவர்தான் என்னைத் தேற்றினார். "வேல கெடச்சிருச்சி. எங்க ஏரியாவுல ஒரு கல்யாண ஹால். அங்கயும் ஜெனரேட்டருதான். நம்மளத விடப் பழைய மெஷினு, பயங்கரமாப் பொக வுடும். ஆனா சீசன் பூரா வேல இருக்கு."

சொல்லிவிட்டுச் சிரித்தார்.

அந்தக் கல்யாண ஹாலின் புகையை எந்தப் படிவமும் கேட்கப் போவதில்லை. எங்கள் படிவத்தில் டீசல் கட்டம் இனிச் சுத்தமாக இருக்கும். தேஹுரோடில் அதே டீசல் அதே மனிதரின் மூக்குக்கு முன்னால் எரியும். இதை நினைத்து நான் வருந்தியிருக்க வேண்டும். பிறகு நிறையவே வருந்தினேன். ஆனால் ரயில் பேகடேவாடியைத் தாண்டிய அந்த நேரத்தில் எனக்கு வந்தது நிம்மதிதான். எங்கேயோ ஒரு பழைய ஜெனரேட்டர் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறதே என்று கடவுளுக்கு நன்றி சொன்னேன்.