தேவைப்பட்டால் ஒரு குளிசை

கூடப்பிறந்த எங்கள் தாஸிம் நானாவுக்குப் பஸ்தான் பெண்டாட்டி, பஸ்தான் பிள்ளைகுட்டி. கலகெதரயிலிருந்து கண்டிக்கு ஓடும் தனியார் பஸ்ஸில் முப்பது வருஷம் கொண்டக்டர். மூச்சுவிட வழியில்லாத பஸ்ஸிலும் இடம் இருக்கிறதென்று சாதிப்பார்; "இடமீக்கி, உள்ளுக்குப் போங்க" என்று இன்னும் நாலு பேரைத் திணித்துவிடுவார். பெண் பார்க்கப் போன வீட்டிலும் வாசலில் நின்ற பெண்ணின் வாப்பாவிடம், "கொஞ்சம் உள்ளுக்குப் போங்க" என்றாராம். அந்தச் சம்பந்தம் அதோடு சரி.

மறதி நோய் வந்த பிறகு அவரை வீட்டில் வைத்துக்கொள்ள முடியவில்லை. விடிவதற்குள் பஸ் நிலையத்துக்கு ஓடி, யாருடைய பஸ்ஸிலோ ஏறி, பழைய பேப்பரைக் கிழித்து டிக்கட் கொடுத்தார். ஒருநாள் குருநாகலில் போய்ப் பிடித்தோம். தங்கச்சி நான் ஒருத்தி, அதுவும் முழங்கால் வலிக்காரி, எத்தனை பஸ்ஸைத்தான் துரத்துவேன்? மனமேயில்லாமல் கடுகண்ணாவையில் ஒரு முதியோர் இல்லத்தில் சேர்த்தேன்.

முதலில் நன்றாகத்தான் இருந்தார். பிறகு எப்போது போனாலும் கதிரையில் சாய்ந்து தூக்கம். கருப்பட்டி மணக்கும் வட்டிலாப்பத்தை மூக்குக்குக் கிட்டப் பிடித்தும் கண் திறக்கவில்லை. வட்டிலாப்பத்துக்கு எழும்பாத தாஸிம் நானாவை நான் பிறந்ததிலிருந்து கண்டதில்லை. எதைக் கொடுத்து இப்படித் தூங்கவைக்கிறீர்கள் என்று இல்லத்தில் சண்டை பிடித்தேன். என்னை மறந்தால் மறந்துவிட்டுப் போகட்டும், விளக்கை அணைப்பதுபோல் மனுஷனையே அணைத்துப் போட்டால் எப்படி?

"டாக்டர் எழுதின குளிசைதாங்க குடுக்குறோம்," என்றாள் இல்லத்துப் பொறுப்பாளர் கஜலட்சுமி. "புடிக்கலேன்னா கூட்டிட்டுப் போங்க."

கூட்டிக்கொண்டு போனால் பஸ்ஸில் தொலைவார். விட்டுவிட்டுப் போனால் கதிரையிலேயே முடிந்துவிடுவார். நேராகக் கண்டிக்குப் போய்ச் சட்டத்தரணி யசோதினியின் முன்னால் உட்கார்ந்தேன்.

"கேஸ் போடோணும். எல்லாரையும் உள்ளுக்குப் போடோணும்," என்றேன்.

"உள்ளுக்குப் போட இது ஒங்க நானாவோட பஸ் இல்லம்மா," என்று அந்தப் பிள்ளை சிரித்தாள். "மொதல்ல ஒன்னு, குளிசையை நீங்களா நிறுத்திடாதீங்க. அது ஆபத்து. என்ன மருந்து, எவ்வளவு, எதுக்குன்னு எழுத்துல கேப்போம். வேற டாக்டர்கிட்டயும் காட்டுவோம். இல்லத்துல மறைச்சா பொலிஸ் இருக்கு. டாக்டர் மேல தப்புன்னா மருத்துவப் பேரவை இருக்கு. நட்டஈடு கேட்டுக் கோர்ட்டுக்கும் போகலாம், ஆனா அது ஆடி அசைஞ்சுதான் வரும். அதுக்கு முன்னாடி ஆளை எழுப்புவோம்."

"வெளிய தள்ளிட்டாங்கண்டா?"

"கேள்வி கேட்டதுக்காகத் தள்ளினா, அதையும் சேத்துக் கேப்போம்."

அவள் எழுதிய கடிதம் போனதும், மருந்து எழுதிய டாக்டரே இல்லத்துக்கு வந்தார். நாங்களும் போனோம். மிகவும் பதற்றப்பட்டால் மட்டும், தேவைப்பட்டால் இரவில் ஒரு குளிசை என்றுதான் அவர் எழுதியிருந்தார்.

"தினமும் தேவைப்பட்டிச்சா?" என்று கேட்டாள் யசோதினி.

கஜலட்சுமி சேலைத் தலைப்பைத் திருகினாள். "டிவி நாடகம் தொடங்குற நேரம் பாத்து, ரோட்டுல ஹோர்ன் சத்தம் கேட்டதும் 'கண்டி, கண்டி'ன்னு கத்துறாருங்க. ஒரு வசனம் காதுல விழ மாட்டேங்குது."

"நாடகத்துக்கு நான் மருந்து எழுதலையே," என்றார் டாக்டர், இல்லத்தின் மருந்துப் பதிவைப் புரட்டியபடி. "காலையிலயும் குடுத்திருக்கீங்க. அது எதுக்கு?"

கஜலட்சுமி தலைப்பை மறுபக்கம் திருகினாள்.

"அது மறுஒளிபரப்புங்க."

எனக்குச் சிரிப்பும் வந்தது, அவளை நாலு அறை அறையவும் வந்தது. யசோதினி என் கையைப் பிடித்துக்கொண்டாள். டாக்டர் அங்கேயே மருந்தைப் படிப்படியாகக் குறைக்கச் சொன்னார். இனி என்னிடம் சொல்லாமல் ஒரு குளிசையும் கூட்டுவதில்லை என்று இல்லத்தில் கையெழுத்தும் வாங்கினோம். பேரவைக்கும் பொலிசுக்கும் போகும் வழி திறந்தேதான் இருக்கிறது என்று கஜலட்சுமியின் காதில் விழும்படி இரண்டு தரம் சொல்லிவிட்டு வந்தேன்.

போன வெள்ளிக்கிழமை பின்னேரம் போனேன். சாப்பாட்டு அறை வாசலில் ஒரு கையால் நிலையைப் பிடித்துக்கொண்டு, ஒரு காலை வெளியே தொங்கவிட்டபடி நானா நின்றார். கிழவர்கள் எல்லாரையும் "இடமீக்கி, இடமீக்கி" என்று உள்ளே ஏற்றிக்கொண்டிருந்தார். கஜலட்சுமி தொலைக்காட்சியின் சத்தத்தைக் கூட்டிவைத்துவிட்டுத் தானும் வரிசையில் நின்றாள்.

என் முறை வந்தது. என் முகத்தை நன்றாகத்தான் பார்த்தார்.

"எங்க எறங்கோணும்?"

"கலகெதர," என்றேன்.

குரலைத் தாழ்த்தினார். "அங்க பஸ் ஹோல்ட்டுல என்ட தங்கச்சி றலியா நிப்பா. நானா கடைசி பஸ்ஸுலதான் வருவாரு, காத்துக்கிட்டு நிக்க வேணாமெண்டு அவக்கிட்ட செல்லுங்க. கொஞ்சம் வாய்க்காரி, ஏசுவா. பயப்பட வேணாம், மனசு நல்லம்."

"செல்றேன்," என்றேன். ஊரையே ஏசும் நான் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

"அழாம உள்ளுக்குப் போங்க," என்றார் நானா. "இடமீக்கி."